கையோடு வந்த கைப்பிடி

கார்க் கதவின் வெளிக்கைப்பிடி திடீரென்று உடைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவரிடம் இரண்டு கேள்வி கேட்டால் கதை மாறிவிடும். கொஞ்ச நாளாகவே தூக்க இறுக்கமாக இருந்ததா? இருந்தது. விட்டவுடன் டப்பென்று படியாமல் மெதுவாக இறங்கியதா? ஆமாம், அதையும் பார்த்தேன். ஆக, கைப்பிடி பல மாதமாகச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. ஒருநாள் அவசரத்தில் இழுத்தபோது கையோடு வந்துவிட்டது.

இந்த அத்தியாயத்துக்கு மாருதி ஆல்டோவின் பழைய மாதிரியை எடுத்துக்கொள்வோம். 2000-இல் வந்த அந்த வண்டியிலும், அதற்கு முந்தைய மாருதி 800-இலும் கைப்பிடி என்பது கதவுத் தகட்டோடு படிந்து கிடக்கும் ஒரு சிறு பலகை. விரல்களைக் கீழிருந்து உள்ளே விட்டு மேலே தூக்க வேண்டும். இப்போது வரும் பெரும்பாலான வண்டிகளில் முழுக்கையும் நுழைகிற பட்டை இருக்கிறது; அதை நம் பக்கமாக இழுக்கிறோம். தூக்குப் பலகை வகையில் நெம்புகோல், அச்சு, ஸ்பிரிங் எல்லாமே கண்ணில் படும்படி இருப்பதால் பாடம் படிக்க அதுவே தோது.

உடைந்ததைத் தூக்கி எறியும் முன் ஒரு பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். பலகையின் பின்புறம் இரண்டு காதுகள் இருக்கும். அவற்றின் துளை வழியாக ஒரு கம்பி அச்சு போகும். அந்த அச்சில்தான் பலகை திரும்புகிறது. பெரும்பாலும் முறிந்திருப்பது இந்தக் காதுகளில் ஒன்று. முறிந்த முகம் முழுதும் ஒரே மாதிரி இராது. ஒரு மூலையில் வழவழப்பான, லேசாக மினுங்கும் பகுதி இருக்கும். அதில் மெல்லிய வளைகோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்திருக்கும். மீதிப் பகுதி சொரசொரப்பாக, வெளிறிப்போய் இருக்கும். வழவழப்பான பகுதியில் கறுப்பு அழுக்கு ஏறியிருந்தால் அந்த விரிசல் பழையது. சாலைத் தூசியும் கிரீஸும் உள்ளே போகும் அளவுக்கு அது திறந்து கிடந்திருக்கிறது. சொரசொரப்பான பகுதி சுத்தமாக இருந்தால் அது இன்று முறிந்தது. காதில் பாதி எப்போதோ போய்விட்டது, மீதிப் பாதியை நம்பித்தான் இவ்வளவு நாள் கதவைத் திறந்திருக்கிறோம் என்பது அந்த அழுக்கிலிருந்து தெரிந்துவிடும்.

விரிசல் ஏன் அந்த மூலையில் தொடங்கியது? 1898-இல் ஜெர்மானியர் கிர்ஷ் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு தகட்டை இருபுறமும் இழுக்கும்போது அதில் வட்டத் துளை ஒன்று இருந்தால், துளையின் விளிம்பில் தகைவு (பரப்பளவுக்கு விழும் விசை) மற்ற இடங்களைப்போல் மூன்று மடங்காகிவிடும். துளை சிறியதா பெரியதா என்பது பொருட்டில்லை. 1913-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சார்லஸ் இங்லிஸ் இதை நீள்வட்டத் துளைகளுக்கு விரித்தார். துளை எவ்வளவு ஒடுங்கிக் கூராகிறதோ அவ்வளவுக்கு அதன் முனையில் தகைவு ஏறும். கூரிய உள்மூலைகளுக்கும் இது பொருந்தும். இங்லிஸின் கவலை கப்பல் தகடுகளைப் பற்றியது. ஆனால் காது பலகையோடு சேரும் இடத்தில் வளைவே இல்லாமல் செங்கோணமாக வார்த்துவைத்த கைப்பிடிக்கும் அதே விதிதான். அந்த மூலைக்கு அரை மில்லிமீட்டர் வளைவு கொடுத்திருந்தாலே ஆயுள் கூடியிருக்கும். நல்ல கைப்பிடிக்கும் மட்டமான கைப்பிடிக்கும் உள்ள வித்தியாசங்களில் இது ஒன்று. கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

இன்னொரு பலவீனம் வார்க்கும்போதே வந்து சேர்கிறது. பலகையின் உட்புறத்தைத் திருப்பினால் பொடி எழுத்தில் ‘பிஏ66-ஜிஎஃப்30’ என்பதுபோல ஏதாவது பொறித்திருக்கலாம். நைலான் 66, அதில் எடைக்கு 30 சதவீதம் கண்ணாடி இழை என்று பொருள். நைலானை 1935-இல் டூபாண்ட் நிறுவனத்தின் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கினார். முதலில் பல்துலக்கியின் மயிர்களாகவும் பெண்களின் காலுறைகளாகவும்தான் அது சந்தைக்கு வந்தது. கைப்பிடிக்கு அதை உருக்கிச் சுமார் 280 டிகிரி செல்சியஸில் வார்ப்பச்சுக்குள் அழுத்தித் தள்ளுகிறார்கள். காதில் துளை விழ வேண்டிய இடத்தில் வார்ப்பச்சுக்குள் ஓர் ஊசி நிற்கும். உருகிய நைலான் அந்த ஊசியைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து, மறுபக்கம் போய் மீண்டும் சேர்கிறது. பாறையைச் சுற்றிப் பிரிந்து கூடுகிற வாய்க்கால் தண்ணீரைப்போல என்று நினைக்கலாம். ஆனால் தண்ணீர் முழுதாகக் கலந்துவிடும், ஆறத் தொடங்கிய நைலான் கலக்காது. இரண்டு முகப்புகள் ஒட்டிய இடத்தில் ஒரு கோடு நின்றுவிடுகிறது. மோசம் என்னவென்றால், கண்ணாடி இழைகள் அந்தக் கோட்டைத் தாண்டிக் குறுக்கே பாலம் போடுவதில்லை. கோட்டோடு கோடாகப் படுத்துவிடுகின்றன. எந்த இழையை நம்பி வலிமையைக் கணக்கிட்டோமோ, அது கைகொடுக்காத இடம் துளையின் ஓரம். தகைவு மூன்று மடங்காகிற இடமும் அதுவே.

இதோடு சேர்ந்தது எண்ணிக்கை. ஓட்டுநர் கதவை நாளொன்றுக்கு ஆறு முறை வெளியிலிருந்து திறந்தால் பத்து ஆண்டில் ஏறக்குறைய 22,000 முறை. ஒரே தடவையில் உடைக்கத் தேவையான பளுவில் ஒரு பங்குகூடப் போதும், அது திரும்பத் திரும்ப வந்தால் பொருள் முறிந்துவிடும் என்பதை 19-ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றிப் பார்த்து நிரூபித்தவர் பிரஷ்யாவின் ஆகஸ்ட் வோலர். நான்கு கதவில் ஓட்டுநர் பக்கத்துக் கைப்பிடி முதலில் போவதற்கு வேறு மர்மம் இல்லை.

வெயிலையும் சொல்ல வேண்டும். புறஊதாக் கதிர் நைலானின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை மேற்பரப்பில் அறுக்கிறது. அங்கே நுண்விரிசல்கள் பூக்கின்றன, பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்ததுபோல் ஆகிறது. வண்ணம் அடிக்காத கைப்பிடிகள் பெரும்பாலும் கறுப்பாக இருப்பதற்கு அழகு காரணமில்லை. கரிப்பொடி புறஊதாக் கதிரைத் தானே விழுங்கிக்கொண்டு உள்ளே விடாது. காற்றின் ஈரம் இதில் நமக்கு உதவி என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். நைலான் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் கொஞ்சம் மெத்தென்று ஆகும், ஆனால் சட்டென்று முறியாது. எலும்புபோல் உலர்ந்த நைலான்தான் நொறுங்கும். சென்னைக் கடற்கரையோரம் வாழும் ஒரு கார்ப் பாகத்துக்குக் கிடைக்கிற அபூர்வமான அனுகூலம் இது.

பின்னால் இருக்கும் பாரம்

இதுவரை சொன்னதெல்லாம் கைப்பிடி எங்கே உடையும் என்பதற்கான காரணம். எப்போது உடையும் என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று. அது கதவுக்குள் ஒளிந்திருக்கிறது.

பலகை ஒரு நெம்புகோல். விரல் அச்சிலிருந்து 30 மில்லிமீட்டர் தள்ளித் தூக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அச்சின் மறுபக்கம் 20 மில்லிமீட்டரில் ஒரு கம்பி மாட்டியிருக்கிறது. பட்டறையில் அதை ராடு என்பார்கள். விரல் 40 நியூட்டன் விசை கொடுத்தால், அதாவது நான்கு கிலோ எடையைத் தூக்கும் அளவு, ராடுக்கு 60 நியூட்டன் போகும். அச்சு இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் இரண்டையும் சேர்த்துத் தாங்க வேண்டும்: 100 நியூட்டன். நான்கு கிலோவுக்குக் கை வேலை செய்தால் காதுகளுக்குப் பத்துக் கிலோ. ராடு மறுமுனையில் இரட்டிப்பாக எதிர்த்தால் காதுகளுக்கு இருபது. விரலுக்கு ‘கொஞ்சம் இறுக்கம்’ என்று மட்டும் தோன்றும்.

ராடின் மறுமுனையில் இருப்பது லாட்ச். கதவின் ஓரத்தில் தெரியும் அந்த இரும்புப் பெட்டிக்குள் இரண்டு பாகம் முக்கியம். ஒன்று கவை, கதவு மூடும்போது தூணில் இருக்கும் ஸ்ட்ரைக்கர் என்ற வளையம் இதன் இரு விரல்களுக்கு நடுவில் புகுந்து இதைச் சுழற்றிவிடும். மற்றது நாக்கு, சுழன்ற கவை திரும்பிவிடாமல் ஒரு பல்லில் விழுந்து தடுக்கும். கதவைச் சாத்தும்போது ‘டக், டக்’ என்று இரண்டு ஒலி வருவது நாக்கு இரண்டு பற்களில் அடுத்தடுத்து விழுவதால். முதல் பல்லோடு நின்றால் கதவு பாதி மூடியிருக்கிறது. கைப்பிடி செய்கிற ஒரே வேலை இந்த நாக்கைப் பல்லிலிருந்து எடுப்பது.

அது எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் கதவை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தத் தள்ளல் ஸ்ட்ரைக்கர் வழியாகக் கவைக்கும், கவையிலிருந்து நாக்கின் நுனிக்கும் போகிறது. நாக்கை எடுப்பது என்றால் இந்த அழுத்தத்தின்கீழ் எஃகின்மேல் எஃகை உரசி இழுப்பது. உலர்ந்த எஃகுக்கும் எஃகுக்கும் உராய்வுக் கெழு 0.5-க்கு மேல் இருக்கும். கிரீஸ் இருந்தால் 0.1 அளவுக்கு வந்துவிடும். அதே கதவு, அதே பீடிங், கிரீஸ் காய்ந்ததால் மட்டும் உராய்வு ஐந்து மடங்கு. மணலும் துருவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கதவின் கீல் தேய்ந்து கதவு கொஞ்சம் இறங்கியிருந்தால் ஸ்ட்ரைக்கர் கவையை ஒருபக்கமாக முட்டும், அதுவும் சேரும்.

இதை அறிய ஒரு எளிய சோதனை உண்டு. கைப்பிடி இறுக்கமாக இருக்கிற கதவை இடுப்பால் உள்ளே அழுத்திக்கொண்டே பலகையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அப்போது சுலபமாகத் திறந்தால் கைப்பிடி நல்லபடிதான் இருக்கிறது. பாரம் லாட்சிலோ பீடிங்கிலோ ஸ்ட்ரைக்கரிலோ இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் புதுக் கைப்பிடி மட்டும் மாட்டியவர்கள், சில மாதத்தில் ‘கம்பெனி பார்ட்டே மட்டம்’ என்று திட்டிக்கொண்டு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். பார்ட் பாவம்.

இரும்பில் செய்தால் என்ன?

உடைந்த நைலானைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் கேட்கும் கேள்வி இது. அம்பாசடர் கதவில் கனத்த, குரோம் பூசிய உலோகக் கைப்பிடி இருந்தது. கட்டைவிரலால் பொத்தானை அமுக்க வேண்டும். அந்தக் காலத்துக் கார்களில் இத்தகைய கைப்பிடிகளைத் துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் 1920-களின் இறுதியில் கொண்டுவந்த ஜமாக் கலவை இதில் பேர்பெற்றது. அதற்கு முந்தைய துத்தநாக வார்ப்புகளில் ஈயம் போன்ற மாசு கலந்து, சில ஆண்டில் உள்ளுக்குள்ளேயே அரித்து உதிரும். மிகத் தூய துத்தநாகத்தைக் கொண்டு செய்ததால்தான் ஜமாக் நின்றது. ஆனாலும் குரோம் பூச்சில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் உப்புக்காற்று உள்ளே போய்க் கொப்புளம் கிளப்பும். இதை வைத்துப் பார்த்தால் நைலானுக்கு மாறியது துருவுக்கும் விலைக்கும் பயந்து என்று தோன்றும். அவையும் காரணம்தான். ஆனால் எனக்கு இந்தப் பாகத்தில் மிகவும் பிடித்த காரணம் மூன்றாவது.

ஒரு வண்டியின் பக்கவாட்டில் இன்னொன்று மோதுகிறது. கதவு சட்டென்று உள்நோக்கி முடுக்கம் பெறுகிறது. கதவில் அச்சின்மேல் தொங்கும் கைப்பிடிக்கு நிலைமம் உண்டு. அது இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். கதவு உள்ளே போக, கைப்பிடி பின்தங்க, கதவிலிருந்து பார்த்தால் கைப்பிடி வெளியே வருகிறது. யாரோ இழுப்பதுபோலவே. போதிய விசையோடு வந்தால் நாக்கு எழும்பும், மோதலின் நடுவில் கதவு திறந்துவிடும்.

எவ்வளவு விசை? புவியீர்ப்பைப்போல் 30 மடங்கு முடுக்கத்தில் 50 கிராம் நைலான் பலகை ஏறத்தாழ 15 நியூட்டன் விசையோடு வெளியே வரப் பார்க்கும். எடை மையம் அச்சுக்கும் விரலுக்கும் நடுவில் இருப்பதால் விரல் இடத்துக்கு அதைப் பாதியாக்கிக்கொள்ளலாம்: ஏழெட்டு நியூட்டன். திறக்க 40 வேண்டும். பயமில்லை. அதே வடிவத்தைத் துத்தநாகத்தில் வார்த்தால்? கண்ணாடி இழை நைலானின் அடர்த்தி சுமார் 1.4, துத்தநாகக் கலவையினுடையது 6.6. எடை 235 கிராம் ஆகும். விரல் இடத்தில் விசை 35 நியூட்டன். கிட்டத்தட்ட ஒரு ஆள் கதவைத் திறக்கிற பலம். மோதல் நேராகக் கதவிலேயே விழுந்தால் 30 மடங்கு என்பது குறைந்த கணக்கு. அதனால்தான் கனமான கைப்பிடிகளுக்குப் பின்னால் ஓர் எதிர்எடை வைக்கிறார்கள். கைப்பிடி வெளியே வரப் பார்க்கும்போது அந்த எடை எதிர்ப்பக்கம் இழுக்கும். திரும்பு ஸ்பிரிங்கின் வலிமையும் இந்தக் கணக்கில் சேரும். டூப்ளிகேட் கைப்பிடியில் ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் தூக்க இலகுவாக இருக்கிறதே என்று சந்தோஷப்படக் கூடாது.

30 மடங்கு என்ற எண் நான் கற்பனை செய்ததில்லை. 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 206 என்ற கதவுப் பூட்டு விதி, லாட்சும் அதை இயக்கும் பாகங்களும் 30 மடங்கு முடுக்கத்தில் விடுபடக் கூடாது என்கிறது. முழுதும் மூடிய லாட்ச் நீளவாக்கில் 11,000 நியூட்டனும், குறுக்குவாக்கில் 9,000 நியூட்டனும் தாங்க வேண்டும். ஒரு சிறு காரையே அந்த லாட்சில் தொங்கவிடலாம் என்று அர்த்தம். பாதி மூடிய நிலையில் தாங்க வேண்டியது 4,500 நியூட்டன்தான். 2004-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின்கீழ் உலகப் பொது வாகன விதிகளை எழுதத் தொடங்கியபோது, முதலாம் எண்ணில் போட்டது கதவுப் பூட்டு விதியைத்தான்.

இவ்வளவு அக்கறை வந்ததற்குப் பின்னால் ஹியூ டிஹேவன் என்ற மனிதர் இருக்கிறார். முதல் உலகப்போரின்போது விமானப் பயிற்சியில் இருந்த அவர், 1917-இல் நடுவானில் மோதி விழுந்து பிழைத்தார். ஒருவர் சாகிறார், ஒருவர் பிழைக்கிறார், ஏன் என்ற கேள்வி அவரை விடவில்லை. பின்னாளில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய விபத்துக் காய ஆய்வு, 1950-களில் கார்களுக்கு வந்தபோது ஒன்று தெளிவானது: மோதலில் கதவு திறந்து வெளியே வீசப்பட்டவர்கள்தான் அதிகம் சாகிறார்கள். வண்டிக்குள்ளேயே இருப்பது நல்லது என்பது இன்று நமக்குச் சாதாரணம். அன்று ‘தூக்கி எறியப்பட்டதால் தப்பித்தான்’ என்று நம்பியவர்களே அதிகம். 1956 மாதிரிக் கார்களில் ஃபோர்டு நிறுவனம் விடுபடாத கதவு லாட்சை ஒரு விற்பனைச் சரக்காகவே முன்வைத்தது.

அறுபது ஆண்டு கழித்து அதே நிறுவனம் அதே லாட்சில் மாட்டிக்கொண்டது. லாட்சுக்குள் நாக்கின் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ஒரு சிறு நீட்சி விரிசல் விட்டதால் கதவு சரியாக மூடாமல் போகலாம் என்று 2016-இல் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். முதலில் வெயில் அதிகமான மாநிலங்களில் மட்டும். பிறகு மொத்தம் சுமார் 24 லட்சம் வண்டிகள். வெப்பமும் ஒரு சிறு நீட்சியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஆல்டோவின் காதே சாட்சி.

கைப்பிடியே வெளியில் தெரியக்கூடாது என்ற ஆசையும் பழையதுதான். 1954-இன் மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரில் கைப்பிடி கதவோடு சமமாகப் பதிந்திருக்கும். ஒரு முனையை அமுக்கினால் மறுமுனை எழும்பும். கம்பியும் நெம்புகோலும் மட்டும். 2012-இல் டெஸ்லா மாடல் எஸ் அதை மோட்டாரிடம் ஒப்படைத்தது. இப்போது விரலுக்கும் நாக்குக்கும் நடுவில் ராடு இல்லாமல் மின்சாரம் இருக்கிற வண்டிகள் பெருகிவிட்டன. பேட்டரி இறங்கினால் வெளியிலிருந்து இழுக்க எதுவும் இல்லை. 2025 செப்டம்பரில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2021-ஆம் ஆண்டு டெஸ்லா மாடல் ஒய் வண்டிகள் சுமார் 1,74,000-ஐப் பற்றி விசாரணை தொடங்கியது. பெற்றோர் வெளியே நிற்க, பின்னிருக்கையில் குழந்தை உள்ளே மாட்டிக்கொள்ள, கண்ணாடியை உடைத்து எடுத்ததாகப் புகார்கள் வந்திருந்தன. உள்ளே கையால் திறக்கும் வழி உண்டு. குழந்தைக்கு அது எட்டாது. முந்நூறு ரூபாய் நைலான் பலகையும் ஒரு கம்பியும் எவ்வளவு நேர்மையான ஏற்பாடு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கழற்றுவதும் மாட்டுவதும்

பாகம் வாங்குவதிலிருந்து தொடங்கலாம். சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதியது கிடைக்கும், புதுப்பேட்டையில் கழற்றிய பழையது கிடைக்கும். கண்ணாடி, பம்பர், விளக்கு என்றால் நான் தயங்காமல் புதுப்பேட்டைக்கே போகச் சொல்வேன். பிளாஸ்டிக் கைப்பிடிக்கு வேண்டாம். அது நம்முடையதைப்போலவே வெயிலும் எண்ணிக்கையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. காதில் பாதி விரிசல் இருந்தாலும் வெளியில் தெரியாது. புதியதில் மூன்றைப் பார்த்தால் போதும்: காது பலகையோடு சேரும் மூலையில் வளைவு இருக்கிறதா, துளையைச் சுற்றி மயிர்க்கோடு தெரிகிறதா, தூக்கி விட்டால் ஸ்பிரிங் சட்டென்று இழுக்கிறதா. வண்டியின் நிறத்தில் அடிக்க வேண்டுமென்றால் பெயிண்டருக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: அச்சுத் துளைக்குள் பெயிண்ட் இறங்கக் கூடாது. அந்த மெல்லிய படலமே பலகையை இறுக்கிவிடும்.

கண்ணாடியை முழுதும் ஏற்றிவிட்டு வேலை தொடங்க வேண்டும். உட்புற டோர் பேடைக் கழற்றுவதில் புதியவர்களை மடக்குவது கண்ணாடி ஏற்றும் கைப்பிடி. அதில் திருகு எதுவும் தெரியாது. பின்னால், குதிரைலாடம்போல் வளைந்த ஒரு கம்பிக் கிளிப் அதைப் பிடித்திருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பேட் கிழியும். பட்டறையில் செய்வது: ஒரு துணிப்பட்டையைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் விட்டு, இரு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுப்பார்கள். துணி கிளிப்பின் முனையில் மாட்டி அதை வெளியே தள்ளும். கிளிப் எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. மறுகையைக் கீழே ஏந்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். அவசரக்காரர்கள் இதைக் கிழித்துவிட்டு, ‘சும்மா ஒரு கவர்தானே’ என்பார்கள். கார்க் கதவு மழைக்கு அடைத்த பெட்டி இல்லை. கண்ணாடியில் வழிகிற நீரில் ஒரு பங்கு எப்போதும் கதவுக்குள் இறங்கும். கதவின் அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியே போகும். உள்ளே இறங்கும் நீர் பேட் பக்கம் தெறிக்காமல் காப்பது இந்தத் தாள். கிழிந்தால் அடுத்த ஐப்பசி மழையில் கால்மிதி நனையும். மேற்கூரை ஒழுகுகிறதா என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். பசையைக் கத்தியால் மெல்ல விலக்கி, தாளை ஒரு ஓரமாக மடித்து வைக்க வேண்டும். அடித் துளைகளில் சேறு அடைத்திருந்தால் இப்போதே குத்திவிடலாம்.

தகட்டின் திறப்பு வழியாகக் கையை விட்டால் கைப்பிடியின் பின்புறம் தட்டுப்படும். தகட்டு ஓரங்கள் பிளேடு மாதிரி. கையுறை இல்லாவிட்டால் முழங்கை வரை கோடு விழும். ராடைக் கைப்பிடியோடு பிடித்திருப்பது ஒரு சிறு பிளாஸ்டிக் கிளிப். அதை இழுக்கக் கூடாது. அதன் ஒரு கையை ராடிலிருந்து விலக்கித் திருப்பினால் ராடு தானாகக் கழன்று வரும். பழைய கிளிப் மொறமொறப்பாக இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. அப்புறம் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடிக்கிற இரண்டு நட்டு. அவ்வளவுதான், கைப்பிடி வெளியே.

புதியதை மாட்டும் முன் லாட்சைக் கவனிக்க வேண்டிய நேரம் இதுதான். டபிள்யூடி-40-ஐ அடித்துவிட்டு நகர்ந்துவிடுவது நம் ஊர் வழக்கம். 1953-இல் சான் டியேகோவின் ஒரு ராக்கெட் இரசாயன நிறுவனம் ஈரத்தை வெளியேற்றத்தான் அதைச் செய்தது. நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் அந்தப் பெயர். அது அழுக்கைக் கரைத்துக் கழுவும். ஆனால் அதன் மெல்லிய பகுதி ஆவியாகிப் போனபின் மிச்சமிருப்பது, அழுத்தத்தில் உரசும் எஃகுக்குப் போதாது. முதலில் அதனால் கழுவி, துடைத்து, நாக்கும் கவையும் உரசும் இடத்தில் வெள்ளை லித்தியம் கிரீஸ் வைக்க வேண்டும். பெட்ரோலால் கழுவ வேண்டாம். கைப்பிடி பாலிகார்பனேட் கலந்ததாக இருந்தால் பெட்ரோல் பட்ட இடத்தில் விரிசல் விடும்.

ராடை மாட்டும்போது ஒரு நுணுக்கம். பலகையைத் தூக்கத் தொடங்கியதும் ஓரிரு மில்லிமீட்டர் வெறுமனே நகர்ந்து, பிறகுதான் ராடு அசைய வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் கைப்பிடி நாக்கை எப்போதும் லேசாகத் தூக்கியே வைத்திருக்கும். குழியில் வண்டி இறங்கும்போது கதவு விடுபடலாம். இடைவெளி அதிகமானால், நாக்கு விடும் முன்பே பலகை தன் எல்லையில் முட்டி நிற்கும். நீங்கள் இழுக்கும் விசை முழுதும் காதுகளுக்குப் போகும். பழைய கைப்பிடி அப்படித்தான் செத்திருக்கலாம். பல வண்டிகளில் ராடின் முனையில் மரை இருக்கிறது. இரண்டு சுற்றுச் சுற்றிச் சரிசெய்யலாம்.

பேடை மாட்டும் முன் சோதனை. கதவு திறந்தபடியே இருக்கட்டும். ஸ்க்ரூ டிரைவரால் கவையை அழுத்தி இரண்டு ‘டக்’ வரும்வரை சுழற்றினால் லாட்ச் தன்னைத்தானே மூடியதாக நினைத்துக்கொள்ளும். வெளிக்கைப்பிடியைத் தூக்குங்கள், கவை துள்ளித் திறக்க வேண்டும். உட்கைப்பிடியாலும் இதையே செய்து பாருங்கள்; சாவியால் பூட்டித் திறந்தும் பாருங்கள். இதற்கு முன் கதவைச் சாத்தவே கூடாது. பின்கதவில் இந்த விதி இன்னும் கறார்: அங்கே குழந்தைப் பூட்டு போட்டிருந்தால் உட்கைப்பிடி வேலை செய்யாது. ராடு மாட்டாத வெளிக்கைப்பிடியும் வேலை செய்யாது. பூட்டை எடுக்கும் நெம்பு கதவின் ஓரத்தில், மூடிய கதவுக்குள் இருக்கும். அதற்குப் பிறகு டோர் பேடை உள்ளிருந்து, கதவு மூடியபடி, பின்னிருக்கையில் மண்டிபோட்டுக்கொண்டுதான் பிரிக்க வேண்டும்.

இழுக்கும் பட்டை வகைக் கைப்பிடி பல வண்டிகளில் இதைவிட எளிது. கதவின் ஓரத்தில் ஒரு ரப்பர் மூடியை எடுத்தால் உள்ளே ஒரு திருகு. அதைத் தளர்த்திச் சாவித்துளை மூடியை எடுத்ததும் பட்டையைப் பின்னால் நகர்த்தி வெளியே எடுத்துவிடலாம். பேடைத் தொடவே வேண்டாம். சாவி இல்லாமல் திறக்கும் வண்டிகளில் பட்டைக்குள் ஆன்டெனாவும் தொடு உணரியும் ஒளிந்திருக்கும், ஒயர் இணைப்பு ஒன்றும் வரும். விலை பல மடங்காவது அதனால்.

நான்கு கைப்பிடிகளும் ஒரே வண்டியில், ஒரே காலத்தில் வந்தவை. ஒன்று போனால் மற்ற மூன்றும் அதே பாதையில்தான் இருக்கின்றன. அவற்றின் பேடைக் கழற்ற வேண்டியதில்லை. கதவைத் திறந்து ஓரத்தில் தெரியும் லாட்ச் வாயைத் துணியால் துடைத்து, கவையிலும் ஸ்ட்ரைக்கர் வளையத்திலும் கிரீஸ் தடவி, பத்து முறை திறந்து மூடி, பிதுங்கியதை வழித்துவிட்டால் போதும். சட்டையில் கறை படாது. அப்புறம் ஒவ்வொரு கதவையும் இடுப்பால் அழுத்திக்கொண்டு ஒருமுறை, அழுத்தாமல் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிற கதவின் ஸ்ட்ரைக்கர் திருகுகளைத் தளர்த்தி, ஒரு மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்த்தி மீண்டும் இறுக்குங்கள். கதவு பக்கத்துத் தகட்டோடு சமமாக நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டால் போதும்.